ஒற்றை விரல் மாநிலம்

தலைநகர்
ஜனவரி 12, 1987

அன்புள்ள லவோன்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குளிர் அதிகம். அங்கேயும் அதிகமாகத்தான் இருக்கும்.

சட்டமன்றம் கூடிவிட்டது. எனக்குக் கடைசி வரிசையில் ஜன்னலோர இருக்கை. பக்கத்து இருக்கையில் ரோண்டா பெல்ச் என்று ஒரு வக்கீல். நகரத்துத் தொகுதியிலிருந்து வந்திருக்கிறாள், வயது முப்பத்து நான்கு. நல்ல மாதிரி. ஒவ்வொருவர் மேசையிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு என்றால் எதிர்ப்பு. அமுக்கியதும் முன்சுவரில் இருக்கும் பெரிய பலகையில் நம் பெயருக்குப் பக்கத்தில் அந்த நிறத்தில் விளக்கு எரியும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் மசோதாவைத் தாக்கல் செய்துவிட்டேன். ஒரே வரிதான். "இம்மாநிலம் இனி ‘ஒற்றை விரல் மாநிலம்’ என்று அதிகாரபூர்வமாக அழைக்கப்படும்." ஊர் உலகம் எல்லாம் நம்மை அப்படித்தான் சொல்கிறது. பெட்ரோல் பங்கில் விற்கும் பனியனிலும் காபிக் கோப்பையிலும் இருக்கிறது. சட்டத்தில் மட்டும் இல்லை. எதிரே வருகிறவன் தெரிந்தவனா தெரியாதவனா என்று பார்க்காமல், ஸ்டியரிங்கை விடாமலே ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்கிற ஜனங்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? அது சட்டப் புத்தகத்தில் ஏற வேண்டாமா?

ஓர் உதவி. பொதுமக்கள் ஆதரவு இருக்கிறது என்று குழுவில் காட்ட வேண்டும். நம் வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் உன் பார்லருக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்க இத்துடன் காகிதம் வைத்திருக்கிறேன். நீ பண்ணை வீட்டைவிட்டுக் கடை மாடிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உதவி கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று ரோண்டாவிடம் கேட்டேன். விவாகரத்து ஆகவில்லை என்பதால் கேட்கலாம் என்றாள்.

மாடுகளைப் பக்கத்துப் பண்ணை க்ளிஃபோர்ட் பார்த்துக்கொள்கிறான். நாயும் அவனிடம்தான்.

இப்படிக்கு,
நார்வல் ஹேகன்
உறுப்பினர், முப்பத்தோராம் தொகுதி


வில்லோ ஃபோர்க்
ஜனவரி 17, 1987

மாண்புமிகு முப்பத்தோராம் தொகுதி உறுப்பினர் அவர்களே,

தங்கள் திருமுகம் கிடைக்கப் பெற்றேன். கட்டின பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தில் தொகுதி எண் போட்டுக் கையெழுத்திட்ட முதல் மனிதன் நீதான். நான் வேறு யாராவது நார்வலோ என்று குழம்பிவிடக் கூடாது, பார்!

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் அப்படித்தான் இருக்கும், நார்வல். ஏதாவது மாறுதல் தெரிந்தால் உடனே எழுது.

யாரந்த ரோண்டா? வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கும் எழுதுகிறாய். பொறாமை இல்லை. என் வயது ஐம்பத்து மூன்று, என் தலை இப்போது ஆரஞ்சு டிராக்டர் நிறம். டப்பாவில் ‘தேன் பழுப்பு’ என்றுதான் எழுதியிருந்தது. தொலைபேசி வரவே, சாயத்தைக் கழுவும் நேரம் தவறிவிட்டது. ஊருக்கெல்லாம் சாயம் போடுகிறவள் தன் தலையில் கோட்டைவிட்டாள் என்று காபிக்கடை முழுக்க இதே பேச்சு. மூன்று பேர் அதே நிறம் வேண்டும் என்று கேட்டதுதான் வேதனை.

காபிக்கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. உன் மசோதா எப்படிப் பிறந்தது என்று உன் காபிக்கடைச் சிநேகிதன் எல்ராய் வாயாலேயே கேட்டுவிட்டேன். போன இலையுதிர் காலத்தில் அவன்தான் கிளப்பிவிட்டானாம். "நார்வல், நீ ஜெயிச்சுப் போனா முதல் வேலையா நம்ம விரலைச் சட்டமாக்கிடுப்பா!" மேசையில் இருந்த அத்தனை பேரும் காபி புரையேறச் சிரித்தார்களாம். நீ மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு "சரி" என்றாயாம். இப்போது எல்ராய் என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புகிறான். "சும்மா சொன்னேன் லவோன், அந்த ஆள் நெஜமாவே பண்ணிட்டானே!" என்கிறான். உன்னிடம் சும்மா சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

காகிதத்தைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் மாட்டிவிட்டேன். இங்கே தலைமுடியில் ரோலர் சுற்றிக்கொண்டு யாரும் எழுந்து ஓட முடியாது, கையெழுத்துக்குக் குறை இருக்காது.

இன்னொரு சேதி. அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து என் தங்கை டார்லீன் பேசினாள். அங்கே வெயிலுக்குக் குடிபெயர்ந்த கிழவிகள் வாரம் இரண்டு தடவை தலை அலங்காரத்துக்கு அவள் கடைக்கு வருகிறார்களாம், அவளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம். "ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன், வந்துடேன்டி அக்கா" என்றாள். "வர்றேன், கள்ளிச்செடிக்கும் சேர்த்துச் சுருள் போட்டு விடறேன்" என்றேன். நீ என்ன சொல்கிறாய்?

டிராக்டர் தலையுடன்,
லவோன்
முதல் தொகுதி, மாடி


தலைநகர்
ஜனவரி 30, 1987

அன்புள்ள லவோன்,

உன் கடிதமும் கையெழுத்துகளும் கிடைத்தன. நன்றி.

நேற்று குழுவில் என் மசோதா விசாரணைக்கு வந்தது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எந்த விரல்னு மசோதாவுல இல்லையே?"

"எல்லாருக்கும் தெரியுமேங்க."

"எனக்கும் தெரியும். காலையில வண்டி ஓட்டிட்டு வரும்போது நாலு தெருமுனையில நாலு பேர் திட்டிக்கிட்டே எனக்கு ஒரு விரலைக் காட்டுறாங்க. அதுவா?"

"அது வேற விரல்ங்க" என்றேன். எல்லோரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னேன்?

பிறகு கிழக்குத் தொகுதிக்காரர் ஒருவர் எழுந்தார். "எங்க பக்கம் ரெண்டு விரல் தூக்குவோம். ஒத்தை விரல் தூக்குறவனைக் கஞ்சன்னுவோம். இரட்டை விரல்னு மாத்துங்க." நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், தங்கள் பக்கம் யாரும் எந்த விரலையும் தூக்குவதில்லை, அவர்களை மாநிலத்தைவிட்டு விலக்கிவிட உத்தேசமா என்று கேட்டார். கடைசியில் ரோண்டா ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தாள். "விரல் என்பது ஆள்காட்டி விரலைக் குறிக்கும்." அதோடு குழு ஒப்புக்கொண்டது. அடுத்தது முழுச் சபையின் வாக்கெடுப்பு.

ஃபீனிக்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே வறண்ட காற்று என்று கேள்வி. உன் முழங்கால் மூட்டுக்கு நல்லது. கள்ளிச்செடிக்கு முடி கிடையாது, அது முள். நீ வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நார்வல்


வில்லோ ஃபோர்க்
பிப்ரவரி 5, 1987

நார்வலுக்கு,

கள்ளிச்செடிக்கு முள்தான் என்று தெரிவித்தமைக்கு நன்றி. பெட்டியில் சீப்பை எடுத்து வைத்திருந்தேன், வெளியே எடுத்துவிட்டேன்.

உன் ஆள்காட்டி விரல் திருத்தம் இங்கே என்ன பாடு படுத்தியது கேள். செவ்வாய்க்கிழமை பாதிரியார் மனைவி ஹில்டுர் முடி உலர்த்தும் டிரையருக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் தானும் கத்துவாள், நாமும் கத்த வேண்டும்.

"என்னடி காகிதம் அது?"

"நார்வலோட மசோதா! ஒத்தை விரலு!"

"ஐயய்ய, அசிங்கமா இருக்கேடி!"

"இல்லக்கா, ஆள்காட்டி விரல்னு திருத்திட்டாங்க!"

"அப்போ முதல்ல எந்த விரலு இருந்துச்சு?"

கடை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி ரோலரோடு நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள். அதோடு விட்டிருக்கலாம் ஹில்டுர். அவள் டிரையரை மேலே தள்ளிவிட்டு, இப்போது இரைச்சல் இல்லை என்பதையும் மறந்து, அதே குரலில் கேட்டாள்.

"ஏன்டி, ரோட்டுல பார்த்தா உன் புருஷன் உனக்கு விரலைத் தூக்குறானா?"

"தூக்குறானே! ஒரு தடவைகூடத் தவறினதில்ல."

"அப்புறம் என்னடி உனக்குக் குறை?"

"பால் வண்டிக்கும் அதே விரலைத்தான் தூக்குறான்" என்றேன்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னேன், நார்வல். எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஹில்டுர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் என் டிராக்டர் தலையைப் பற்றி ஏதோ சொல்லி நிலைமையைச் சமாளித்தேன். என் தலை இதற்காவது உதவியது.

உன் கடிதத்தில் என் மூட்டைப் பற்றிய அக்கறை மனத்தைத் தொட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அரிசோனாவுக்குப் போகட்டுமா என்று கேட்கிறாள், மூட்டுக்கு நல்லது என்கிறாய். உன் மாட்டு வைத்தியர்கூட இதைவிட ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லியிருப்பார். டார்லீன் ஈஸ்டருக்குள் முடிவு சொல்லச் சொல்கிறாள். நான் இன்னும் சொல்லவில்லை. கடையை வாடகைக்கு எடுக்க ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். சுவர் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். எனக்கும்தான் பிடிக்காது, இத்தனை நாளாக நான் யாரிடம் சொன்னேன்?

லவோன்


தலைநகர்
பிப்ரவரி 20, 1987

அன்புள்ள லவோன்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று என் மசோதா சபைக்கு வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. சபாநாயகர் வாக்கெடுப்பு என்றார். பச்சையை அமுக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தேன். சிவப்பு. மேலிருந்து கீழே எல்லாம் சிவப்பு. குழுவில் ஆதரித்தவர்கள் சிவப்பு. என்னோடு காலையில் பன் சாப்பிட்டவர் சிவப்பு. ரோண்டாவும் சிவப்பு. என் பெயர் ஒன்றுதான் பச்சை.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. எழுந்து நின்று, "எங்க தொழுவத்துல இதைவிட மரியாதை தெரிஞ்ச கூட்டம் இருக்கு!" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். கதவருகே வரும்போது கைதட்டல் நின்றுவிட்டது.

வண்டி நிறுத்துமிடம்வரை ரோண்டா கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடிவந்தாள்.

"எங்க போறீங்க? இது வழக்கமுங்க! புது உறுப்பினரோட முதல் மசோதாவை மொத்தச் சபையும் சேர்ந்து கவுத்துவிடும். அப்புறம் ஒருத்தர் எழுந்து மறுவாக்கு கேப்பாரு, பலகை பூரா பச்சையாயிடும், உங்களுக்குக் கைதட்டு விழும். போன தடவை எனக்கும் இதேதான் நடந்துச்சு. நான் அழுதே போட்டேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லிட்டா அதுல என்னங்க வேடிக்கை? பிடிக்காத ஆளுன்னா பேசாம பச்சையை அமுக்கிட்டுப் பேப்பர் படிப்பாங்க. உங்களைப் பிடிச்சிருக்குன்னுதானே அத்தனை சிவப்பு!"

நான் திரும்பிப் போவதற்குள் சபை கலைந்துவிட்டது. சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவருக்கு என் பேச்சு உறுத்திவிட்டது. வேடிக்கை தெரியாதவனுக்காக அவர் மறுவாக்கு கேட்கமாட்டாராம். நானாக எழுந்து எல்லோரையும் சிரிக்க வைத்தால் யோசிக்கிறாராம். விதிப்படி அடுத்த வியாழக்கிழமையோடு அவகாசம் முடிகிறது. அதற்குள் மறுவாக்கு நடக்கவில்லை என்றால் மசோதா தோற்றது தோற்றதுதான். வேடிக்கைக்குப் போட்ட சிவப்பு நிஜச் சிவப்பாகிவிடும்.

லவோன், எனக்கு ஒரே ஒரு வேடிக்கை வாக்கியம் எழுதிக் கொடு. உனக்கு அது ஒரு நிமிஷ வேலை. உடனே தபாலில் சேர்.

நார்வல்


வில்லோ ஃபோர்க்
பிப்ரவரி 23, 1987

அட என் அப்பாவி நார்வலே,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். தொழுவம் என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், முடி கழுவத் தலையைச் சாய்த்திருந்தவளின் காதில் தண்ணீர் போய்விட்டது. கோட்டுப் போடாமல் ஓடிவந்த ரோண்டாவிடம், அவளைச் சந்தேகித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் தலைமுடிக்கு என்ன வேண்டுமோ இலவசமாகச் செய்கிறேன், டிராக்டர் நிறம் தவிர.

வாக்கியம் எழுதித் தரமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. க்ளிஃபோர்ட் கல்யாணத்தில் நீ பேச வேண்டியிருந்தது. நான் ஒரு வேடிக்கை எழுதிக் கொடுத்தேன். நீ வானிலை அறிக்கை மாதிரி அதை ஒப்பித்தாய். அதோடு நிறுத்தாமல் அது ஏன் வேடிக்கை என்று விளக்கமும் கொடுத்தாய். மணப்பெண்ணின் அம்மாவுக்கு விளக்கம் முடிந்தபின்தான் அது தன்னைப் பற்றி என்று புரிந்தது. இன்றுவரை அவள் தலை என் கடைப்பக்கம் திரும்பவில்லை. என் வேடிக்கை உன் வாயில் நிற்காது.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். "அது வேற விரல்ங்க" என்றாயே, அதற்கு ஏன் சிரித்தார்கள் என்று கேட்டாயே. நீ சிரிக்காமல் சொன்னாய், அதனால்தான். உள்ளதை உள்ளபடி சொல்கிறவனைப் பார்க்க அந்த ஊரில் அபூர்வமாக இருந்திருக்கும். எழுந்து நில். என்ன பார்த்தாயோ அதைச் சொல். என்ன தப்பாகப் பார்த்தாயோ அதையும் சொல். உட்கார்ந்துவிடு. விளக்கம் மட்டும் கொடுத்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

வியாழக்கிழமை கடையில் ரேடியோ வைத்திருப்பேன்.

லவோன்


தலைநகர்
பிப்ரவரி 27, 1987

அன்புள்ள லவோன்,

ரேடியோவில் வந்ததா தெரியவில்லை. நேற்று எழுந்து நின்று இப்படிச் சொன்னேன்.

"எங்க ஊரு ரோட்டுல எதிர்ல வர்றவங்க விரலைத் தூக்கினா நாமளும் தூக்கணும். அதான் மரியாதை. போன வியாழக்கிழமை நீங்க எல்லாருமா சேர்ந்து எனக்கு விரலைத் தூக்கினீங்க. நான்தான் எந்த விரல்னு தப்பாப் பார்த்துட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன். விளக்கம் கொடுக்கவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

கட்சித் தலைவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். அவரே எழுந்து மறுவாக்கு கேட்டார். பலகை முழுக்கப் பச்சை. கிழக்குத் தொகுதிக்காரர் மட்டும் எழுந்து எனக்கு இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் பச்சையை அமுக்கினார். மசோதா இனி மேல்சபைக்குப் போகும்.

நேற்றிலிருந்து ஒன்று மண்டையைக் குடைகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அறுவடைக் காலத்தில் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாய். "இந்த வீட்டுல கோதுமைக்குத்தான் பொண்டாட்டி மரியாதை. நான் கடை மாடிக்குக் குடி போறேன், அறுவடை முடிஞ்சா வந்து கூட்டிட்டுப் போ." நான் சரி என்றேன். மறுநாள் காலை உன் பெட்டிகளை வண்டியில் ஏற்றினேன். மாடிப்படியில் கைப்பிடி ஆடியது, நீ விழுந்துவிடக் கூடாதே என்று திருகாணி போட்டு முறுக்கிக் கொடுத்தேன். நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. விரும்பித்தான் போகிறாய் என்று நினைத்தேன். அறுவடை முடிந்தது. உனக்கு அங்கே சௌகரியமாக இருக்கிறது, வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நீ அமுக்கியது வேடிக்கைச் சிவப்பா, லவோன்? நான் பாட்டுக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேனா?

நார்வல்


வில்லோ ஃபோர்க்
மார்ச் 28, 1987

நார்வலுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நான் பதில் போடாமல் இருந்த மிக நீண்ட காலம் இதுதான். நாக்கில் புண் என்று கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேதிகள் இருக்கின்றன. எல்ராய் உன் பேச்சைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் காபிக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். யோசனை தன்னுடையதுதான் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். மேல்சபையில் உன் மசோதா வந்தபோது இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியதாம், தூங்கியவர்களையும் சேர்த்து. என் தலை பாதி வெளுத்துவிட்டது, மழையில் நின்ற டிராக்டர்போல் இருக்கிறது. ஹில்டுர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் கேக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மூன்று கேக் ஆயிற்று. பாவாடை இறுக்குகிறது.

உன் கேள்வி. கடைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். புருஷன் குடித்தால் ஒரு பதில், மகள் ஓடிப்போனால் ஒரு பதில். இதற்கு மட்டும் நாக்கு எழமாட்டேன் என்கிறது. நீ முறுக்கிய கைப்பிடி இரண்டு வருஷமாகக் கொஞ்சமும் ஆடவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய், பாவி. மாடி ஏறும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறேன். ஒரு திருகாணியை அரைகுறையாக விட்டிருந்தால்கூட, அதைச் சரிசெய்யவாவது வா என்று ஆள் அனுப்பியிருப்பேன்.

டார்லீன் டிக்கெட் அனுப்பிவிட்டாள். ஈஸ்டருக்கு மறுநாள் காலை பஸ். கடையை வாடகைக்குக் கேட்ட பெண் சுவருக்கு நீலம் அடிக்கப் போகிறாளாம். சம்மதமா என்று கேட்டாள், நாளை சொல்கிறேன் என்று நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

இதை நீ எந்த விளக்காக வேண்டுமானாலும் எடுத்துக்கொள். எனக்கே நிறம் தெரியவில்லை.

லவோன்


தலைநகர்
ஏப்ரல் 8, 1987

அன்புள்ள லவோன்,

ஆளுநர் இன்று காலை கையெழுத்துப் போட்டார். சட்டமாகிவிட்டது. கூட்டத்தொடர் அடுத்த வாரம் முடிகிறது, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஊரில் இருப்பேன்.

உனக்கு நாலைந்து கடிதம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அரிசோனாவின் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி எழுதியிருந்தேன். இன்னொன்றில் பஸ் பயணமும் உன் மூட்டும். படித்துப் பார்த்து வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். என்ன எழுதலாம் என்று ரோண்டாவிடம் கேட்டேன். "உங்க மசோதா மாதிரி ஒரே வரியில எழுதுங்க. யாரையும் கேக்காதீங்க, என்னையும்தான்" என்றாள்.

போகாதே.

நார்வல்


வில்லோ ஃபோர்க்
ஏப்ரல் 11, 1987

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தங்களது ஒரு வரி மசோதா இன்று காலைத் தபாலில் கிடைத்து, அப்போதே குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழுவில் இருப்பது நான் ஒருத்திதான். தலைக்கு மேல் வேலை இருந்தும், கடைக் கதவைச் சாத்திவிட்டு, பின்னறையில் டவல் மூட்டைமேல் உட்கார்ந்து குழு கூடியது. குழு கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தியது. டிரையருக்குள் ஒருத்தி இருப்பது மறந்துபோய் அவள் தலை முறுகிவிட்டது. அவளுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

குழு சில திருத்தங்களைச் சேர்த்திருக்கிறது. பார்லரை நான் மூடமாட்டேன், அதே அசிங்கமான சுவர் நிறத்தோடு அது என்னுடையதாகவே இருக்கும். கோதுமை தலைமேல் விழுந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ மேசைக்கு வர வேண்டும். ரோட்டில் என்னைக் கண்டால் விரல் போதாது, வண்டியை நிறுத்த வேண்டும். நான் வேடிக்கையாக ஏதாவது சொல்லி உனக்குப் புரியாவிட்டால் "புரியல" என்று கேட்க வேண்டும், பெட்டியைத் தூக்கக் கூடாது. அதற்கு ஈடாக, மாதத்தில் ஒரு தடவையாவது நான் ஒரு விஷயத்தை வேடிக்கை இல்லாமல் சொல்ல முயல்வேன். இந்த மாதத்துக்கானதை உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன், காகிதத்தில் வராது.

டார்லீனிடம் இன்னும் பேசவில்லை. டிக்கெட் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. மறுவாக்கு தபாலில் செல்லாது, நீ நேரில் வந்து எழுந்து நின்று கேட்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்கு வா. என்ன நிறத் தலையோடு நிற்பேன் என்று உத்தரவாதம் இல்லை.

வாக்கெடுப்பு முடிவை எழுதாமல் விட்டுவிட்டேன். முப்பது வருஷத்தில் நீ என்னிடம் கொண்டுவந்த முதல் மசோதா இது, நார்வல். வழக்கம் உனக்குத் தெரியும்.

சிவப்பு.

லவோன்